சாவித்ரி மெயில் பார்க்கும் இடம்

வலியசாலை அக்ரஹாரத்து சாவித்ரி, ராணுவக் குடியிருப்புகளைப் பராமரிக்கும் அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்தவள். எந்த வீட்டில் குழாய் ஒழுகுகிறது, எந்த வீட்டில் ஃபேன் சுற்றவில்லை என்று வரும் புகார்களைப் பிரித்து ஆட்களை அனுப்புவது அவள் வேலை. ராணுவ ரகசியம் என்று அவளுக்குத் தெரிந்ததெல்லாம், எந்த மேஜர் வீட்டுக் கழிவறை அடிக்கடி அடைத்துக்கொள்ளும் என்பதுதான்.

துலாம் மாதத்து ஐப்பசி மழையோடு வந்த இடி ஒன்று, அலுவலகத்தில் இண்டர்நெட் இருந்த ஒரே கம்ப்யூட்டரைக் கருக்கிவிட்டுப் போனது. புதியது வரும்வரை சொந்தப் போனிலேயே அலுவலக மெயிலைப் பார்க்கலாம் என்று மேலிடம் அனுமதித்தது. பாதுகாப்பு அதிகாரி ஹரிகுமார் அவளுடைய போனைப் பதிவுசெய்து, கேமராமேல் சீல் ஒட்டினார். இனி இதை வேறு யாரும் தொடக்கூடாது, பொது இடத்தில் மெயிலைத் திறக்கக்கூடாது என்றார்.

சாவித்ரி வீட்டிலும் அப்படியே சொன்னாள்.

"போனுக்கும் மடியா?" என்று கேட்டார் கணவர் வெங்கடகிருஷ்ணன்.

மறுநாள் சமையலறை மேடையில் போன் அடித்தபோது, அவர் அதை, மடித்துணி உலர்த்தும் கொடிக்கம்பால் தள்ளித் தள்ளி அவள் பக்கம் கொண்டுவந்து சேர்த்தார்.

வீட்டுச் சிக்கல் அதோடு முடிந்தது. அலுவலகத்தில் வேறு சிக்கல் இருந்தது. வளாகத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்ற பழைய உத்தரவை யாரும் ரத்து செய்யவில்லை. எல்லோரும் வாசல் காவல் அறையில் போனைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே போன் இல்லை, வெளியே ரோட்டில் மெயிலைத் திறக்கக்கூடாது. அப்படியானால் எங்கே வைத்து வாசிப்பது என்று சாவித்ரி கேட்டாள். ஹரிகுமார் நியாயமான மனிதர். இரண்டு உத்தரவுகளையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். காவல் அறை உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை என்று கடைசியில் தீர்மானித்தார்.

காவல் அறையில் ஹவில்தார் ஜெபசிங் இருந்தார். மார்த்தாண்டத்துக்காரர், விதி தவறாதவர். அவள் போனைத் திறந்ததும் அவருக்குத் தர்மசங்கடமாகிவிட்டது.

"மேடம், ஸ்கிரீன் என் கண்ணுல படப்பிடாது. அதனால நான் திரும்பி நிக்கணும். ஆனா போன் வச்சிருக்க ஆளு மேலேருந்து கண்ணையும் எடுக்கப்பிடாது. ரெண்டும் விதியாக்கும்."

"அப்போ என்ன பண்ணப்போறேள்?"

ஜெபசிங் மூலையில் சாத்தியிருந்த கண்ணாடியை எடுத்தார். வண்டிகளுக்கு அடியில் குண்டு இருக்கிறதா என்று பார்க்கும், நீளக் கம்பி வைத்த வட்டக் கண்ணாடி. அவளுக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணாடியைத் தோளுக்குமேல் தூக்கி, அதில் அவள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றுமுதல் தினமும் அப்படித்தான். முதல் நாள் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு கண்ணாடியைப் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொள்ளப் பழகிவிட்டாள்.

மெயிலைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளவும் தடை. எனவே மனப்பாடம் செய்து, முணுமுணுத்தபடியே அலுவலகம் இருக்கும் மேட்டில் ஏறித் தன் மேஜைக்குப் போய், இண்டர்நெட் இல்லாத கம்ப்யூட்டரில் பதிவுசெய்வாள். எதிரே வருகிறவர்கள் அவள் ஏதோ ஸ்தோத்திரம் சொல்கிறாள் என்று ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருநாள் மட்டும், உடன் வேலைபார்க்கும் லிபி வழிமறித்து, சாவித்ரியின் மகள் மாளவிகாவுக்கு வரன் அமைந்ததா என்று விசாரித்தாள். பதில் சொல்லிவிட்டு மேஜையில் உட்கார்ந்தபோது, அன்றைய இரண்டு மெயில்களும் இடம் மாறியிருந்தன. ராணுவ நாய்களின் கொட்டிலில் கீசர் பொருத்தினார்கள். கர்னல் வீட்டுக் குளியலறைக்குக் கம்பிவலைக் கதவு போட்டார்கள். நாய்கள் எதுவும் சொல்லவில்லை. கர்னலின் மனைவி சொன்னார்.

விளக்கம் கேட்டு மெயில் வந்தது. அதையும் சாவித்ரி காவல் அறையில், கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்துதான் வாசித்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு மெமோ வாங்கியதில்லை. ஜெபசிங் திரும்பாமலே, "மொகம் வாடிப்போச்சே மேடம். தண்ணி வேணுமா?" என்று கேட்டார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

ஹரிகுமார் விசாரணை நடத்தினார். காவல் அறையிலிருந்து மேஜைவரை அவரே ஒரு மெயிலை முணுமுணுத்துக்கொண்டு நடந்து பார்த்தார். பாதி வழியில் மறந்துபோனார். தவறு சாவித்ரியுடையது அல்ல, தூரத்துடையது என்று அறிக்கை எழுதினார். மறுவாரம் அவளுடைய மேஜை, நாற்காலி, கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் காவல் அறைக்கே இறக்கினார்கள்.

அங்கே ஜன்னல் இருந்தது. ரோட்டில் போகும் பஸ்ஸும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் தெரிந்தார்கள். உள்ளே அவள் இருந்த அறையில் பகலிலும் டியூப்லைட் எரியும். சாவித்ரி அன்று மத்தியானம் தயிர்சாதத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாள்.

சாயங்காலம் ஹரிகுமார் தயங்கித் தயங்கி வந்தார். மேஜையும் கம்ப்யூட்டரும் வந்துவிட்டதால் காவல் அறை இப்போது அலுவலகமாகிவிட்டதாம். அலுவலகத்தில் போன் கூடாதே என்றார். மெயில் பார்ப்பதற்கென்று பலாமரத்தடியில் புதிதாகத் தகரக் கொட்டகை ஒன்று போட்டார்கள். ஜெபசிங் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு அங்கே போனார்.

உள்ளே பழைய இடத்துக்கே திரும்பிப் போகலாமே என்று ஹரிகுமார் கேட்டுப் பார்த்தார். சாவித்ரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே மாட்டேன் என்றுவிட்டாள்.