நான் இழுத்த குறுக்குக் கோடு

ஆந்திராவின் ஏர்பேடு மண்டல அலுவலகத்தில் முப்பது வருடம் விண்ணப்பங்களைச் சரிபார்த்து ஓய்வு பெற்றவன் நான். விதி தெரியாதவன் என்று என்னை யாரும் சொன்னதில்லை.

இப்போது நான் குடியிருக்கும் புத்தூரில் பக்கத்து வீட்டுச் செல்வி, மகளின் கல்லூரி விடுதி விண்ணப்பத்தை டேப்லெட்டில் நீட்டினாள். "இன்னிக்குத்தான் சார் கடைசி நாளு. கொஞ்சம் பாருங்க."

விடுபட்டதை, டேப்லெட்டோடு வந்த பேனாவால் திரையிலேயே எழுதினேன். பிறகு யாரும் எதையும் சேர்க்க முடியாதபடி, ஆபீஸ் வழக்கப்படி காலி இடத்தில் குறுக்குக் கோடு இழுத்தேன்.

"ஐயோ சார், அது போட்டோ வைக்கிற எடம்!"

பதறிப்போய் விரலால் திரையைத் தேய்த்தேன். செல்வி திரையை ஒருமுறை தட்டினாள், கோடு மறைந்தது. "இதுக்குப் போயி பயந்துக்கினு கீறீங்களே!"

விண்ணப்பம் அப்போதே போய்ச் சேர்ந்தது. நிம்மதியாகக் காப்பி குடித்தேன். படிவத்தில் தப்பாக விழுந்த இப்படி ஒரு கோட்டுக்காக எத்தனை பேரை வந்த பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன்! ஒருவருக்காவது புதுப் படிவத்தை நானே எடுத்துக் கொடுத்திருக்கலாம். அதைத் தடுக்கும் விதி எதுவும் இருக்கவில்லை.