காற்றுக்குக் குறுக்கே ஓடிய ஊர்

குடிகாட்டில் சைரன் ஊதினால் யாரும் உடனே ஓடமாட்டார்கள். முதலில் அய்யனார் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் வாசலில் ஒரு மூங்கில் நட்டிருக்கும். அதன் நுனியில் பழைய புடவைக் கிழிசல் ஒன்று பறந்துகொண்டிருக்கும். அது எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அண்ணாந்து பார்த்துவிட்டு அய்யனார் ஒரு குரல் கொடுப்பார். "வடக்கால போங்க!" என்றால் ஊர் வடக்கே போகும். "தெக்கால!" என்றால் தெற்கே.

கெமிக்கல் கம்பெனிகளை ஒட்டின ஊர். வாயு கசிந்தால் காற்றோடு ஓடக்கூடாது, அதுவும் கூடவே வரும். எதிர்த்து ஓடினால் நேரே மூக்கில் வந்து ஏறும். காற்றுக்குக் குறுக்கேதான் ஓடவேண்டும். துண்டையோ முந்தானையையோ தண்ணீரில் நனைத்து மூக்கோடு அழுத்திக்கொள்ள வேண்டும். இதெல்லாம் அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் அய்யனார் குரல் வந்தால்தான் கால் எழும். அப்படிப் பழகிவிட்டது. அவருக்கும் கனத்த தொண்டை. "எங்க அண்ணன் பந்தியில ரசம் கேட்டா பக்கத்து ஊரு மண்டபத்துலேர்ந்து கொண்டாருவாங்க" என்று அடுத்த வீட்டில் இருக்கும் தங்கை இருசம்மாள் கேலி செய்வாள். புருஷனை இழந்தவள். கம்பெனி கேட்டில் இட்லி விற்றுப் பிழைத்தாள். அண்ணன் குரல் கேட்டதும் தெருவில் முதல் ஆளாக ஓடுகிறவளும் அவள்தான்.

அய்யனாருக்குக் குட்டியானை என்கிற சின்ன லாரி ஓட்டுகிற வேலை. ஊர்க் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போன பிறகு, வெளியிலிருந்து டிரம்மில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து டீக்கடைகளுக்கும் மெஸ்களுக்கும் ஊற்றினார். அந்தச் சம்பாத்தியத்தில்தான் மகன் இளவரசுவைக் கடலூரில் ஒரு காலேஜில் சேர்த்தார். அந்தத் தெருவிலிருந்து காலேஜ் வாசலை மிதித்த முதல் பிள்ளை அவன். அது என்ன பெருமை என்று அப்படி ஒரு தெருவில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது. போதாததற்குப் பையன் என்.சி.சி.யிலும் சேர்ந்துவிட்டான். முதன்முதலில் காக்கி உடுப்போடும் தொப்பியோடும் அவன் தெருவில் இறங்கிய அன்று இருசம்மாள் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள்.

2009, பொங்கல் முடிந்த சமயம். காலேஜ் மைதானத்தில் பட்டாளப் பயிற்சி நடக்கப்போகிறது, பொதுமக்களும் வந்து பார்க்கலாம் என்று அறிவித்தார்கள். மாணவர்கள் எதிரி முகாம் ஒன்றைச் சுற்றி வளைத்துப் பிடிப்பதுபோல் செய்து காட்டுவார்களாம். ஒரு குழுவுக்கு இளவரசு தலைவன். பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார், நல்லபடியாகச் செய்தால் பிறகு பட்டாள வேலைக்குப் போகும்போது கைகொடுக்கும் என்று அவன் வீட்டில் சொல்லியிருந்தான்.

கடலூர் முதுநகர் லூர்துசாமி டீக்கடையில் அதுதான் பேச்சு.

"படிக்கிற எடத்துல துப்பாக்கி என்னாத்துக்குங்கறேன்?" என்றார், தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தில்லைநாதன்.

"ஏன் சார், புள்ளைங்களுக்கு ஒழுங்கு வேணாமா? எம்புள்ள சூரியன் உச்சிக்கு வந்தப்பறம் எழுந்திரிக்கறான். அங்க கொண்டுபோய் உட்டா சரியாப்பூடுவான்" என்றார் லூர்துசாமி.

"ஒம்புள்ளய எழுப்பறதுக்குத் துப்பாக்கி பத்தாதுய்யா, பீரங்கிதான் வேணும்."

கடையே சிரித்தது. தண்ணீர் ஊற்ற வந்த அய்யனார் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, "நாளைக்கு எல்லாரும் வந்து பாருங்க சார். எம்புள்ள எப்படி ஓடறான்னு பாத்துட்டு அப்பறமாப் பேசுங்க" என்றார்.

மறுநாள் குட்டியானையின் பின்பக்கம் தெருவே ஏறிக்கொண்டது. குடிக்க இருக்கட்டும் என்று ஒரு டிரம் தண்ணீரையும் ஏற்றிக்கொண்டார். மைதானத்தின் தெற்கு மதிலை ஒட்டி வண்டியை நிறுத்தி, எல்லோரும் அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். டவுன் ஜனங்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுமாக நல்ல கூட்டம். மேடையில் அதிகாரி, அவருக்குப் பின்னால் கம்பத்தில் கொடி. தூரத்தில் வரிசையில் நின்ற இளவரசுவை இருசம்மாள்தான் முதலில் கண்டுபிடித்தாள். "அதோ பாரு, அந்தக் கோடியில! காலப் பாத்தே சொல்லிடுவேன்."

பயிற்சி எப்படித் தொடங்கும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

சைரன் ஊதியது.

மூங்கில் தட்டி கட்டிய முகாமிலிருந்து மஞ்சள் புகை கிளம்பியது. படபடவென்று வெற்றுத் தோட்டா வெடித்தது. டவுன் ஜனம் கைதட்டியது. குடிகாட்டு ஜனம் தட்டவில்லை. அத்தனை பேரும் ஒன்றுபோல் கழுத்தைத் திருப்பி அய்யனாரைப் பார்த்தார்கள்.

இது விளையாட்டு என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததெல்லாம் அந்தச் சைரனுக்கு முன்னால் நிற்கவில்லை, அவ்வளவுதான். கண் தானாகக் கொடிக்குப் போனது. கொடி மேற்கே பறந்தது. வாய் திறந்துவிட்டது.

"துண்ட நனைங்க! வடக்கால ஓடுங்க!"

வடக்கே போக மைதானத்தை நடுவாக வெட்டிக்கொண்டுதான் போகவேண்டும். டிரம்மில் முந்தானையை முக்கிக்கொண்டு இருசம்மாள் முதல் ஆளாகப் பாய்ந்தாள். பின்னால் தெருவே ஓடியது. தவழ்ந்து போய்க்கொண்டிருந்த மாணவர்களைத் தாண்டிக்கொண்டு ஓடினார்கள். இருசம்மாள் போகிறபோக்கில் இளவரசுவின் கையைப் பிடித்து இழுத்தாள். "வாடா, தம்பி! மூக்க மூடிக்க!" அவன் துப்பாக்கி கீழே விழுந்தது. இவர்கள் ஓடுவதைப் பார்த்த டவுன் ஜனமும் நிஜமாகவே ஏதோ ஆகிவிட்டது என்று எழுந்து கேட்டுக்கு ஓடியது. அந்த நெரிசலில் ஒரு பள்ளிக்கூடப் பெண் விழுந்து கை எலும்பு முறிந்தது.

"பொதுமக்கள் பயப்பட வேண்டாம், இது பயிற்சிதான்" என்று மைக்கில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். புகை கலைந்தபோது ஈர முந்தானையும் துண்டுமாக மைதானத்தின் வடக்கு மூலையில் ஒரு ஊர் நின்றுகொண்டிருந்தது. முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு லேசில் நிற்கவில்லை. மாலைப் பத்திரிகை ஒன்றில் 'புகைக்குப் பயந்து ஓடிய கிராமம்' என்று போட்டார்கள். பிள்ளைகள் படிக்கிற இடத்தில் வெடி வெடிக்கலாமா என்று ஒரு கூட்டம் காலேஜில் மனு கொடுத்தது. தில்லைநாதன் அதில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். ஒரு வெடிச் சத்தத்துக்குப் பயப்படுகிறவர்கள் ஏன் பார்க்க வரவேண்டும் என்றது இன்னொரு கூட்டம். இரண்டு கூட்டமும் வாரக்கணக்கில் பேசின. அந்த ஜனங்கள் ஏன் ஓடினார்கள் என்று இரண்டிலும் ஒருவர்கூடக் கேட்கவில்லை. சிதம்பரம் பஸ்ஸில் கண்டக்டர், "குடிகாடு எறங்கறவங்கல்லாம் வாங்க! காத்து மேற்கால அடிக்குது, பாத்து எறங்குங்க!" என்பார். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்.

இளவரசுவைக் காலேஜில் யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "என்னயப் பாத்தாலே மூக்குல கர்ச்சீப்ப வெச்சிக்கறானுங்கப்பா" என்றான். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "இனிமே யாருக்கும் கொரல் குடுக்காத. ஓடறவங்க ஓடிக்கட்டும். நமக்கு எதுக்கு?"

அந்த வருஷ மழையில் மூங்கில் நுனியில் இருந்த கிழிசல் நைந்து உதிர்ந்துபோனது. அய்யனார் வேறு கட்டவில்லை.

அதற்குப் பிறகும் சைரன் ஊதியது. அனேகமாக ஒத்திகைதான். ஜனங்கள் அவர் வாசலைப் பார்ப்பார்கள். அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பார். அவர்களும் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடுவார்கள். அடுத்தடுத்து ஒன்றும் ஆகாமல் போனதில், பேசாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம் என்றுகூட அவருக்குத் தோன்றத் தொடங்கியிருந்தது.

2011 கோடையில் ஒரு முற்பகல். அய்யனார் டிரம் கழுவிக்கொண்டிருந்தார். சைரன் ஊதியது. இருசம்மாள் இட்லித் தட்டு தேய்த்த கையோடு வாசலுக்கு வந்தாள். சேலையை ஏற்கெனவே தூக்கிச் செருகியிருந்தாள்.

"அண்ணே, ஓடட்டுமா?"

அவர் அண்ணாந்து பார்த்தார். மூங்கில் மொட்டையாக நின்றது.

"இரு. ஒத்திகையாத்தான் இருக்கும். மறுபடியும் ஊரு சிரிக்கணுமா?"

"அதுவும் சரிதான்" என்று சிரித்தாள். "அடுப்புல கொழம்பு இருக்குது" என்று உள்ளே போனாள்.

வாயுவின் வாடை வந்தபோது அவள் அடுப்படியில் இருந்தாள். அய்யனார் கத்தினார். பாதிக் குரலுக்கு மேல் வரவில்லை, இருமல்தான் வந்தது. ஜனங்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். சிலர் வாயுவுக்குள்ளேயே ஓடினார்கள். ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்து தங்கையை இழுத்து வந்து தண்ணீர் வண்டியில் போட்டுக்கொண்டு போனவரும் அவர்தான். ஆஸ்பத்திரியில் படுத்த மற்றவர்களெல்லாம் சில நாளில் வீடு திரும்பினார்கள். இருசம்மாளும் திரும்பினாள். மூச்சுதான் பழையபடி திரும்பவில்லை. வாசலுக்கும் தெருமுனைக்கும் நடுவில் ஒரு தரம் உட்கார்ந்து எழுந்தால்தான் போகமுடியும் என்று ஆகிவிட்டது.

மறுநாளே அய்யனார் புதுக் கிழிசல் கட்டினார். இப்போதெல்லாம் எந்தச் சைரனுக்கும் அவர் குரல் வந்துவிடும். ஒத்திகைக்கும் வரும். ஜனங்கள் சிரித்துக்கொண்டே ஓடுவார்கள். அவர் மட்டும் ஓடமாட்டார். தங்கையைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு போவார்.

இளவரசு பட்டம் வாங்கினான். பட்டாளத்துக்கு மனுப் போடவில்லை. சிதம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் ஆய்வக உதவியாளனாகச் சேர்ந்தான். அத்தையைச் சிதம்பரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். 2012-இல் ஒரு நாள் மூன்று பேரும் அங்கே வராந்தா பெஞ்சில் முறைக்காகக் காத்திருந்தார்கள். பக்கத்துக் கல்லூரி மைதானத்திலிருந்து படபடவென்று சத்தம் கேட்டது. வராந்தாவில் இருந்தவர்களெல்லாம் கம்பிப் பக்கம் ஓடினார்கள்.

"என்.சி.சி. பசங்க! வாங்க, வாங்க, சூப்பரா இருக்குது!" என்று ஒரு பெண் கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

"ஒத்தி..." என்று தொடங்கிய இளவரசு, அத்தை முகத்தைப் பார்த்ததும் சொல்லை விழுங்கிக்கொண்டான்.

இருசம்மாள் அண்ணன் பக்கம் திரும்பினாள். கண்ணில் அந்தப் பழைய குறும்பு. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு வாங்கினாள்.

"அண்ணே... ஓடட்டுமா?"

அய்யனார் சிரிக்கவில்லை. வெளியே ஒரு வேப்பமரம் நின்றது. அதன் கிளை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தார். பிறகு அவள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்.

"அய்ய, சும்மா கேட்டேன். உடுண்ணே, நம்ம நம்பரக் கூப்புடப் போறாங்க."

அவர் விடவில்லை. மைதானத்தில் கடைசி வெடி ஓயும்வரை, அவளைத் தாங்கிப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார்.