சைக்கிள் சீனியின் வாய்க்கால் குளிப்பு

சாய்ந்தமருது மீன் சந்தையில் கதை இப்படித்தான் தொடங்கியது: சைக்கிள் கடைச் சீனிமுகம்மது வெள்ளைக்காரி ஒருத்தியோடு சவளக்கடைப் பக்கம் வாய்க்காலில் இறங்கிக் குளித்தாராம். கல்முனை பஸ் நிலையத்தைத் தாண்டும்போது அந்த வெள்ளைக்காரிக்கு இருபத்தைந்து வயதாகிவிட்டது. மருதமுனை சீலை நெய்கிற ஊர், ஆனால் அங்கே போய்த் திரும்பிய கதையில்தான் அவளுடைய உடுப்பு பாதியாகக் குறைந்தது. ஒலுவில் துறைமுகத்தில் தோணி இழுக்கிறவர்களின் வாய்க்கு வந்து சேர்ந்தபோது நிக்காஹ்வே முடிந்து, சீனி ஒல்லாந்துக்கு விசா போட்டிருந்தார்.

இதில் உண்மை இரண்டே இரண்டு. வாய்க்கால் உண்மை, வெள்ளைக்காரி உண்மை. மிச்சம் என்ன நடந்தது என்பதை உள்ளது உள்ளபடி சொல்கிறேன். சோறு தின்றுகொண்டே வாசிக்கிறவர்கள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வருவது நல்லது. பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

சீனிமுகம்மதுக்கு எதைக் கண்டாலும் அருவருப்பு. பிறவியிலேயே அப்படி. தேத்தண்ணிக் கடையில் கோப்பையை மூக்குக்கு நேரே பிடித்து மணந்து பார்க்காமல் வாய் வைக்க மாட்டார். கலியாண வீட்டில் ஒரு சஹன் தட்டைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து கை வைக்கும்போது, இவர் மட்டும் வயிறு சரியில்லை என்று எழும்பிப் போய்விடுவார். ஒருமுறை பக்கத்தில் இருந்தவர் பெருவிரலை நக்கிவிட்டுத் திரும்பவும் சோற்றில் விட்டதைக் கண்டதிலிருந்து வந்த வயிற்றுவலி அது. சவூதியில், தமாமில் பல வருடம் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டிவிட்டு வந்தவர், வாகனம் என்றாலே வெறுத்துப் போய்ச் சைக்கிள் கடை போட்டார்.

அந்தக் கடையில் குந்தியிருந்துதான் அந்த யோசனை பிறந்தது. மெயின் ரோட்டில் சைக்கிள் ஓடுவது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது. பஸ் ஒருபக்கம் தள்ளும், ஓட்டோ மறுபக்கம் தள்ளும். ஆனால் கொஞ்சம் உள்ளே போனால், சவளக்கடையிலிருந்து சாகாமம் குளம் வரைக்கும் வாய்க்கால் கரைக் கட்டும் வயல் பாதையுமாக ஒரு வாகனம் குறுக்கிடாமல் போகலாம். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, தரை தோசைக்கல் மாதிரி. வழியில் துரைமார் காலத்து மதகு ஒன்று. வயலுக்குள் பாதி புதைந்த கல் தூண்கள், எந்த ராசா நட்டதென்று ஒருவருக்கும் தெரியாது. பச்சைக் கொடி பறக்கிற, பெரியவர் ஒருவர் அடங்கியிருக்கிற சியாரம். இதையெல்லாம் பார்க்க வெள்ளைக்காரர் சைக்கிளில் கூட்டம் கூட்டமாக வருவார்கள் என்று அறுகம்பேயில் விடுதி நடத்தும் ஒரு கூட்டாளி சொன்னார். சீனி ஜப்பான் பழைய சைக்கிள்களை வாங்கி, மினுக்கி, வரிசையாக நிறுத்தினார். கையிலிருந்த எல்லாவற்றையும் அந்தப் பாதையில்தான் போட்டார்.

பாதையில் ஒரே ஒரு குறை. வாகனம் வராத இடமென்றால் ஆள் பார்க்காத இடம். ஆள் பார்க்காத இடத்துக்கு நம்மவர்கள் எதைக் கொண்டுபோவார்கள் என்று உங்களுக்கே தெரியும். கோழிக் கடைக் குடல், தலை, செட்டை. பழுதாய்ப்போன கறி. எல்லாவற்றுக்கும் மேலே, பிள்ளைகளுக்குக் கட்டிக் கழற்றிய பம்பஸ். பம்பஸ்ஸைக் குப்பை வண்டிக்குக் கொடுத்தால் அவர்கள் எங்கேயாவது எரித்துவிடுவார்கள், எரித்தால் அதைக் கட்டியிருந்த பிள்ளையின் குண்டி வெந்துபோகும் என்று பெண்களுக்குள் ஒரு நம்பிக்கை. அதனால் ஓடுகிற தண்ணீரில் போடுவார்கள். தண்ணீரில் போட்டால் பிள்ளைக்குக் குளிர்ச்சியாம். அந்தத் தண்ணீர்தான் வயலுக்குப் பாய்கிறது, அந்த வயல் நெல்தான் அதே பிள்ளைக்குக் கஞ்சியாகிறது. அந்தக் குளிர்ச்சியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பாதையைப் பார்த்து முடிவு சொல்ல ஒல்லாந்திலிருந்து அன்னெக்கா என்ற பெண் வந்தார். முழங்காலுக்குப் பட்டி கட்டிய, அறுபதைத் தாண்டிய மனிசி. ஆட்களைச் சைக்கிளில் ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போகிற வேலை. அவர் ஓமென்றால் கூட்டம் வரும், இல்லையென்றால் சீனியின் சைக்கிளெல்லாம் துருப்பிடிக்கும். பாதையைக் காட்டுவதற்கு முதல் நாள் சீனி மூக்கைச் சீலைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, மண்வாரியோடு போய், கட்டு நெடுகக் கூட்டி அள்ளிப் புதைத்தார். வாந்தி எடுத்து எடுத்துத்தான் அள்ளினார்.

மறுநாள் காலையில் இருவரும் போனார்கள். விதைப்புக்கு முந்திய வயல், வாய்க்காலில் நிறையத் தண்ணீர், கொக்குகள். அன்னெக்காவுக்குச் சந்தோஷம். தங்கள் நாடும் இப்படித்தான் தட்டையாக இருக்கும், ஆனால் இந்த வெயில் கிடையாது என்றார். மதகைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சீனியின் நெஞ்சு குளிர்ந்து போயிருந்த நேரம், முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. ஓட்டி வந்தவன் ஹெல்மட்டோடு வேகத்தைக் குறைத்தான், ஹேண்டிலில் தொங்கிய சொப்பின் பேக்கைக் கழற்றினான், வாய்க்காலுக்குள் வீசினான், இவர்களைக் கவனிக்காமலே வந்த வழியே திரும்பிப் போனான்.

முகம் தெரியவில்லை. ஆனால் அந்த மோட்டார் சைக்கிளைச் சீனிக்குத் தெரியாதா? மகள் சஹ்லாவின் கலியாணத்துக்கு அவரே எடுத்துக் கொடுத்தது. ஓட்டியவர் மாப்பிள்ளை ஹாதிக்.

இந்தப் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு சொல். இங்கே வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்து, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு அழைத்துக்கொள்வார்கள். அதன்பிறகு தாயும் தகப்பனும் பின்பக்க அறையில். மாப்பிள்ளை முன்னறையில், மின்விசிறிக்கு நேர் கீழே. மாமனார் அவரிடம் நேரில் ஒரு சொல் மரியாதைக் குறைவாகப் பேச மாட்டார். சொல்ல வேண்டியதைப் பெண்களிடம் சொல்வார், அது சுற்றி வளைந்து போய்ச் சேரும். ஒரு கடும் சொல் விழுந்தால் மாப்பிள்ளை பெட்டியைக் கட்டிக்கொண்டு தன் உம்மா வீட்டுக்குப் போய்விடலாம். பிறகு மகளின் வாழ்க்கை என்னாவது?

அன்னெக்கா கேட்டார், அந்த ஆளை உனக்குத் தெரியுமா என்று. தெரியாது என்றார் சீனி.

அந்த மனிசி விட்டாரா? சைக்கிளைச் சாய்த்துவிட்டு, பேக்கை எடுக்க வாய்க்கால் கரையிலிருந்து இறங்கினார். சேறு வழுக்கியது. பட்டி கட்டிய முழங்கால் மடங்கி, அப்படியே தண்ணீருக்குள் போனார். சீனி பாய்ந்து பிடித்தார், அவரும் போனார். பிடித்து எழும்பும் அவசரத்தில் பேக் இருவருக்கும் நடுவில் கிழிந்தது. இடுப்பளவு தண்ணீரில், மணந்து பார்க்காமல் தேத்தண்ணி குடிக்காத மனிதன், தன் சொந்தப் பேத்தியின் பம்பஸ்கள் ஊதிப் பெருத்து நெஞ்சில் வந்து ஒட்ட ஒட்ட நின்றார். ஒன்று சேட்டுப் பைக்குள் ஒழுகியது. அதற்கு மேல் நான் எழுதவில்லை.

அந்த நேரம் எருமைகளை ஓட்டிக்கொண்டு சவளக்கடை நல்லரெத்தினம் அந்தப் பக்கம் போனார். நல்ல மனிதர், பொய் சொல்லாதவர். ஊரில் போய் அவர் சொன்னது ஒரே ஒரு வரி: சீனி காக்காவும் ஒரு வெள்ளைக்காரியும் வாய்க்காலுக்குள் நிற்கக் கண்டேன். மிச்சத்தை மீன் சந்தை பார்த்துக்கொண்டது.

அன்னெக்கா கரையேறி, தலையிலிருந்த பாசியை வழித்துவிட்டு, கோபப்படாமல் முடிவைச் சொன்னார். பாதை அருமை. ஆனால் மனிதர்களை மலக்குழியின் ஓரமாகக் கூட்டிக்கொண்டு வர முடியாது. வயல் செய்கிற கமக்காரர்கள் சேர்ந்து குப்பையை நிறுத்தட்டும், அடுத்த பருவம் வருகிறேன்.

சீனி வீட்டுக்கு வந்து ஒரு முழுச் சவர்க்காரம் கரையும்வரை தேய்த்தார். பிறகு மனைவி றஹீமாவிடம், ஊரெல்லாம் பம்பஸ்ஸை வாய்க்காலில்தான் போடுகிறார்களாமே என்று பொதுவாகக் கதை எடுத்தார்.

"வேற எங்க போடச் சொல்றீங்க?" என்றாள் றஹீமா. "நெருப்புல போட்டா புள்ளட குண்டி வெந்து போயிரும். நான்தான் மாப்புளைக்கிட்டக் குடுத்தனுப்பின, ஓடுற தண்ணியாப் பார்த்துப் போடச் சொல்லி."

சீனி அன்றைக்குச் சோற்றைத் தொடவில்லை.

இரண்டொரு நாளில் குளிப்புக் கதை பின்பக்க அறைக்கும் வந்துவிட்டது. றஹீமா தேத்தண்ணியை நிலத்தில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். வாய் திறந்தால் மாப்பிள்ளையின் மானம் போகும், திறக்காவிட்டால் தன் மானம் போகும். சீனி திறக்கவில்லை. தன் மானம் பழையதுதானே என்று நினைத்தார் போல.

ஆனால் கமக்காரர் கூட்டம் வந்தது. வாய்க்கால் கட்டில் குப்பை போடத் தடை கேட்கச் சீனி போனார். தலைவர் மீராமுகைதீன் போடியார் வேறு கதை எடுத்தார். அந்த வாய்க்காலின் கடைசி வயல்கள் அவருடையவை.

"குப்பைய மறுகா பார்ப்பம், சீனி," என்றார். "கட்டால வெள்ளக்காரியளக் கூட்டி வந்து, குமருகள் போற வாற இடத்தில குளிக்கிறயாம். இனி சைக்கிள் ஒண்டும் அதால போகப்படா. சங்கிலி போட்டுப் பூட்டப் போறம்."

"அவர் குளிச்சதெண்டு நான் சொல்லல்ல," என்றார் பின்வரிசையில் நல்லரெத்தினம். யாரும் காதில் வாங்கவில்லை.

"தண்ணி சூடா இரிந்திச்சா, காக்கா?" என்று ஒருவன் கேட்டான். கூட்டம் சிரித்தது. முன்வரிசையில் வெள்ளைச் சேட்டோடு, தன் வாப்பாவின் வயலுக்காக வந்திருந்த ஹாதிக்கும் வாயைக் கையால் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

சீனி அந்தத் தோளைப் பார்த்தார். பூட்டுப் போட்டால் பாதை போயிற்று, கடை போயிற்று. எழும்பினார். போடியாரைப் பார்த்துத்தான் பேசினார், ஆனால் விரல் முன்வரிசைக்கு நீண்டது.

"போடியார், அந்த மனிசிக்கு என்ட மூத்த ராத்தாட வயசு. நாங்க குளிக்கல்ல. இந்தா இருந்து சிரிக்கிறாரே என்ட மருமகன், அவர் வீசின பேக்கு கிழிஞ்சி, என்ட பேத்திர பீக்குள்ள இடுப்பளவு நிண்ட நாங்க. குளிச்சது வீட்ட போய்த்தான்."