மோதிரத்தின் உள்பக்கம்

அந்த மோதிரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் தர்மபுரியில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் சரித்திர டீச்சர். கல்லூரியில் படித்த புத்தகம் ஒன்றில் பழங்கால ஆங்கிலேயர் போட்ட மோதிரங்களின் படம் இருந்தது. அவற்றின் மேல் குச்சி குச்சியாக ரூன் என்ற எழுத்துகள். சிலவற்றில் மந்திரம், சிலவற்றில் போட்டிருந்தவரின் பெயர். ஆயிரம் வருஷம் கழித்தும் இது இன்னாருடையது என்று தெரிகிறதே, அது எனக்குப் பிடித்துப் போயிற்று. முதல் சம்பளத்தில் அரைப் பவுனில் ஒரு மோதிரம் செய்து, உள்பக்கம் என் பெயரை அந்த எழுத்தில் வெட்டச் சொன்னேன். ஆசாரி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வெட்டிக் கொடுத்தார்.

கல்யாணமாகி மொரப்பூர் போனேன். கணவர் பி.ஏ. படித்தவர். அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். தன் பெயரையும் அதில் எழுதிப் பார்த்துச் சிரித்தார்.

அடுத்த வருஷம் ஓரகத்திக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்தது. அந்த வாரம் களி கிண்டுவதற்காக நான் கழற்றி வைத்த மோதிரம் மாமியார் கண்ணில் பட்டது.

“என்னாடி இது, மந்திரத் தகட்டுல கீறுன மாதிரி?”

“என் பேருதாங்க அத்தை.”

“உம் பேர தமிழ்ல எழுத மாட்டியா? நீ டீச்சர்தானே?”

மந்திரிக்கிறவரிடம் அதைக் கொண்டு போனார். அவர் எலுமிச்சம்பழத்தை அறுத்துப் பார்த்து, வயிற்றைக் கட்டுகிற எழுத்து என்று சொல்லிவிட்டார்.

“நீ படிச்சவன், நீ சொல்லுப்பா” என்று மாமியார் என் கணவரைக் கேட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“எனக்கென்னம்மா தெரியும்” என்றார் கணவர். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மாமியார் மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்குத் தெரியாது. தெரிந்த மனுஷன்தான் தெரியாது என்றார். ஓரகத்தி அதன் பிறகு என் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. அவளைப் பொறுத்தவரை அவள் பிள்ளையைக் கொன்றவள் நான்.

உருக்கினால் தோஷம் போய்விடுமாம். உருக்கினார்கள். பொங்கலுக்கு அதே தங்கம் கணவரின் விரலில் புது மோதிரமாக வந்தது. முகப்பில் பெரிதாக அவர் பெயரின் முதல் எழுத்து, இங்கிலீஷில். மாமியாருக்கு அதையும் படிக்கத் தெரியாது.

“எம் புள்ள பேரு” என்று தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.