சின்னம்மா கொடுத்த பாட்டுப்பெட்டி

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி நீலகிரி மலையிலிருக்கிற தேவாலாவுக்கு என்னைத் தேடி வந்தான். பழைய கிராமபோன்களை யார் செய்தார்கள், எந்த ஊரில் செய்தார்கள் என்று ஆராய்கிறானாம்.

"ஏனுங்கய்யா, உங்க பெட்டியில பேர்த்தகடு ஏதாச்சும் இருந்துச்சுங்களா?"

இருந்தது. மூடியின் உட்புறம், பித்தளையில். அதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் நான் எங்கே போவேன்? நான் அதில் பார்த்ததெல்லாம் என் மூக்கைத்தான். செய்தவர் யாரோ, கொடுத்தது சின்னம்மா.

அப்போது நாங்கள் இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். எங்களை இந்தியாவுக்குப் போகச் சொல்லி அரசாங்கக் காகிதம் வந்தது. அம்மாவின் தங்கைக்கு அங்கேயே இருக்கச் சொல்லி வந்தது. புறப்படுகிற அன்று சின்னம்மா தன் பெட்டியையும், தான் கூடவே பாடுகிற ஒரே இசைத்தட்டையும் அம்மா மடியில் வைத்துவிட்டாள். கடிதம் எழுத இரண்டு பக்கமும் எழுத்து தெரிந்தவர் இல்லை. தங்கையை நினைத்தால் அம்மா அந்தப் பாட்டைத்தான் வைப்பாள்.

தேவாலா மழை உங்களுக்குத் தெரியாது. துணி, விறகு, தீப்பெட்டி எல்லாமே அடுப்புக்கு மேலே பரணில்தான் காய வேண்டும். இசைத்தட்டில் பூஞ்சை பிடித்திருந்தது. அம்மா அதையும் துடைத்துப் பரணில் வைத்துவிட்டுக் கொழுந்தெடுக்கப் போனாள். சாயங்காலம் எடுத்தபோது விளிம்பெல்லாம் நெளிந்திருந்தது.

"அப்பளம்னு நெனச்சியா புள்ள? பொரிச்சே வச்சிருக்க!" என்றார் அப்பா.

தட்டைத் தடவிக்கொண்டிருந்த அம்மா, "ஒருக்கா சாவி குடுத்துப் பாருங்க" என்றாள்.

ஊசி மேடேறிப் பள்ளமிறங்கியது. பாட்டுக்காரியின் குரல் இழுத்து, குழைந்து, சுதியை விட்டு எங்கேயோ போய்த் திரும்பி வந்தது. அடுத்த வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "என்ன, பாட்டுக்காரிக்குக் குளிர்காய்ச்சலா?" என்றாள். லயத்து வரிசை வீடுகளெல்லாம் சிரித்தன. நான் நெளிந்து நெளிந்து ஆடினேன். அம்மாவும் சிரித்தாள்.

எல்லாரும் போன பிறகு மறுபடியும் வைக்கச் சொன்னாள்.

"இப்பத்தாங்க எந்தங்கச்சி பாடுற மாதிரியே இருக்கு. அவளுக்கு என்னைக்குச் சுதி நின்னுச்சு?"

அப்பா சாவி கொடுத்தார். அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீராய் வழிந்தது. அடுப்புப் புகைதான் என்று நினைத்து, நான் ஓடிப்போய்க் கதவை அகலத் திறந்துவிட்டேன்.