எலுமிச்சை கலந்த கடல்பாசி

கூத்தாநல்லூரில் நோன்பு மாதம் வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு கடல்பாசியைச் சர்க்கரையோடு காய்ச்சி, உறையவைத்துத் துண்டு போடுவார்கள். சபிஹா அதை ஆண்டு முழுவதும் காய்ச்சினாள். வேதியியலில் பட்டம் வாங்கியவள். கணவன் அன்சார் மஸ்கட்டில். வீட்டின் பின்கட்டில் இரண்டு அடுப்பும் ஒரு பெரிய ஃபிரிட்ஜும் வைத்துக்கொண்டு, வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டர்களுக்குச் செய்து கொடுத்தாள். அவளுடைய தேங்காய்ப்பால் கடல்பாசிக்குத் திருவாரூர் வரை ஆள் இருந்தது.

சித்திரையில் ஒருநாள் தாராசுரத்திலிருந்து அனுராதா என்பவர் போன் செய்தார். மகள் மாளவிகாவுக்கு நிச்சயதார்த்தம்.

“போட்டோவுல பாத்தா ஜெல்லி மாதிரி இருக்கே, ஜெலட்டின் போடுறீங்களா? மாட்டுத் தோல்லேர்ந்து எடுக்கிறதாமே. எங்க வீட்ல யாரும் தொட மாட்டாங்க.”

“ஹலாலா இல்லையான்னு தெரியாம எங்க வீட்லயும் தொட மாட்டோம் மேடம். இது கடல்ல வளர்ற பாசி. சுத்த சைவம்.”

அனுராதா சிரித்துவிட்டார். “பந்தல்லதான் சாப்பாடு. இந்த வெயில்ல உருகிடாதா?”

“தண்ணி கொதிக்கிற சூட்டுக்குக் கிட்டப் போனாத்தான் இது உருகும். பந்தல் வெயில் ஒண்ணும் பண்ணாது.”

போனை வாங்கிய மாளவிகா எலுமிச்சைச் சுவையில் கேட்டாள். அதுவரை செய்ததில்லை என்றாலும் சபிஹா சரி என்று சொல்லிவிட்டாள்.

பாசியோடு சாற்றையும் சேர்த்துக் கொதிக்கவிட்டுத் தட்டில் ஊற்றினாள். ஆறிய பிறகும் அது ரசம் போல ஆடியது.

“பாசி பத்தல. இன்னும் ஒரு பிடி போடு” என்றார் மாமியார் ரஹ்மத் பீவி.

போட்டு மறுபடி காய்ச்சினாள். கெட்டிப்பட்டது, ஆனால் கரண்டி பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது.

சபிஹா அடுப்பை அணைத்துவிட்டு யோசித்தாள். கொதிக்கும்போது பாசியின் நீண்ட இழைகள் சூட்டின் வேகத்தில் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து தண்ணீரில் அலைகின்றன. ஆறும்போது அந்த வேகம் அடங்கி, மறுபடி ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, நடுவே தண்ணீரைப் பிடித்து வைக்கின்றன. ஒவ்வொரு பிடியும் பலவீனமானதுதான்; நீள நெடுகச் சேரும்போது உறுதியாகிவிடுகிறது. ஆனால் புளிப்பும் கொதியும் சேர்ந்தால் இழைகளே துண்டு துண்டாக அறுந்துவிடும். துண்டுகள் எதைப் பற்றி நிற்கும்? குறை பாசியில் இல்லை, சாற்றைச் சேர்த்த நேரத்தில்தான்.

இந்த முறை பாசியைத் தனியாகக் கொதிக்கவைத்து இறக்கினாள். ஆவி தணியும்வரை கிண்டிவிட்டு, பாத்திரத்திலேயே உறைந்துவிடுமுன் சாற்றைக் கலந்து மளமளவென்று தட்டுகளில் ஊற்றினாள். ஆறியபின் கத்தி வைத்தால் உதிராமல், பிசிறில்லாமல் வெட்டுப்பட்டது.

ரஹ்மத் பீவி ஒரு துண்டை வாயில் போட்டார். “நல்லாத்தான் இருக்கு. நோன்பு தொறக்கிறப்ப குடுத்துடாத, வெறும் வயித்துல புளிக்கும்.”

விசேஷத்தன்று வாடகைக்கு ஓட்டும் சலாஹுதீனின் வேனில் தட்டுகளை ஐஸ் பெட்டிகளில் அடுக்கிப் புறப்பட்டார்கள். குடவாசல் தாண்டியதும் டயர் பஞ்சர். நிழலே இல்லாத சாலை. இரண்டு பக்கமும் அறுப்பு முடிந்து வெடித்துக் கிடந்த வயல். ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. ஆள் வந்து சரிசெய்வதற்குள் வேன் அடுப்பாகிவிட்டது.

சலாஹுதீன் பெட்டியைத் திறந்து பார்த்தார். “ஐஸெல்லாம் தண்ணியாப் போச்சும்மா. திரும்பிடுவோமா?”

சபிஹா ஒரு தட்டைத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. ஆனால் துண்டுகளின் விளிம்பு மழுங்கவில்லை.

“ஐஸ்தாண்ணே உருகியிருக்கு. கடல்பாசி அப்படியே இருக்கு. நேரா தாராசுரம் போங்க.”

பந்தலில் அனுராதா தட்டைத் தொட்டதும் முகம் வாடினார். “சுடுதே.”

“கெட்டியா இருக்குல்ல? ஐஸ் மேல கொஞ்ச நேரம் வைங்க, சில்லுனு ஆயிடும்.”

அதற்குள் மாளவிகா பட்டுப்புடவையோடு வந்து ஒரு துண்டை எடுத்துத் தின்றுவிட்டு, அம்மாவுக்கும் ஒன்றை ஊட்டினாள். அனுராதாவின் முகம் தெளிந்தது. பந்தி முடிவதற்குள் தட்டுகள் காலி.

மாப்பிள்ளையின் அம்மா சபிஹாவைத் தேடி வந்தார். “ஆவணியில கல்யாணம். அன்னாசிப்பழத்துல செய்வீங்களா?”

“செய்வேன்மா. அதுவும் புளிப்புதான், முதல்ல ஒரு தட்டு போட்டுப் பாத்துட்டு, உங்களுக்கும் அனுப்புறேன்” என்றாள் சபிஹா.