யோகன் அண்ணன் தந்த பதிவுத் தபால்

என் நாய் தந்தியின் தாடையை உயர்த்திப் பிடித்து இடக் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டிருந்தபோது எங்கள் தபாலதிபர் தொலைபேசியில் அழைத்தார். "யோகன் போயிட்டான், பிள்ள. நெஞ்சுவலியாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகக்குள்ளயே முடிஞ்சிட்டு." வலக் கண் மிச்சம் இருந்தது. அதற்கும் விட்டுவிட்டுத்தான் அழுதேன். யோகன் அண்ணனும் அப்படித்தான் செய்யச் சொல்லியிருப்பார்.

முப்பத்தோராம் நாள் காரியமும் கழிந்த பிறகு, பிந்தித்தான் இதை எழுதுகிறேன். தபாலகத்தில் நான் முத்திரை விற்கும் கருமபீடத்தில் இருப்பவள். அவர் கடிதம் கொண்டு போனவர். வாவிக்கரை ஒழுங்கைகளில் சைக்கிள் மிதித்து அவர் வாங்கிய நாய்க்கடிகள் ஊருக்கே தெரியும். தெருவில் கிடந்த நாய்களை வீட்டுக்குத் தூக்கிப்போவதைக் கேலி செய்தால், "கடிச்சதுகள் எல்லாம் சொந்தக்காரர்தானே" என்பார்.

கணவருக்குக் கட்டாரில் வேலை. மூன்று வயது மகனோடு தனியாக இருக்கப் பயந்து, காவலுக்கு ஒரு நாய் கேட்டேன். இரண்டு கண்களிலும் பீளை அப்பிய ஒன்றைக் கொண்டுவந்தார்.

"அண்ணன், காவலுக்குக் கேட்டா கண் தெரியாததத் தாறீங்களே?"

"கள்ளனப் பாக்கத் தேவல்ல மிஸ், மணந்தாக் காணும்."

பெயரைக் கேட்டேன். "தந்தி. இப்ப ஒருத்தருக்கும் தேவல்லாத சாமான்." பிறகு, நாய் கொடுக்கும் வீடுகளை எழுதி வைக்கும் ஒரு கொப்பியை நீட்டினார். "இது பதிவுத் தபால். கையெழுத்து வைக்காமத் தரமாட்டன்." வைத்தேன்.

அதற்குக் கண்ணீர் சுரப்பதில்லை. மிருக வைத்தியர், "இது ஒருத்தருக்கும் தொற்றாது. ஆனால் சாகும்வரை தினமும் இரண்டு வேளை மருந்து விட வேண்டும்" என்றார். முதலாவதை நான் நம்பவில்லை. நாயைத் தொட்ட ஒவ்வொரு முறையும் மகனின் கையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். அவன் கண்ணைக் கசக்கினால் வெளிச்சத்துக்கு இழுத்துப்போய் இமையை விரித்துப் பார்த்தேன்.

ஒரு காலையில் மகனின் கண்கள் சிவந்து ஒட்டிக் கிடந்தன. அந்தக் கணமே அண்ணனை அழைத்து, "இந்த நாயக் கொண்டு போங்க" என்று கத்தினேன். வந்தார். தந்தியைச் சாக்கில் சுற்றிச் சைக்கிள் கூடையில் வைத்துவிட்டு, "முதல்ல பிள்ளைய டொக்டரிட்டக் காட்டுங்க" என்று மட்டும் சொன்னார்.

டொக்டர் சிரித்தார். மகன் போகும் பாலர் பாடசாலையிலிருந்து அன்று வந்த ஐந்தாவது பிள்ளை அவன். கண்ணோய் அங்கிருந்து வந்திருந்தது, நாயிடமிருந்து அல்ல. மகனோ, ஒட்டிய கண்ணோடு, "தந்திக்கு மருந்து விட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தான்.

நான்காம் நாள் அண்ணனின் வீட்டுக்குப் போனேன். வாசல் படலையில் நின்று கூப்பிட்டேன். அவர் கொப்பியைத் திறந்து காட்டினார். என் கையெழுத்துக்குப் பக்கத்தில், கொடுக்க முடியாத கடிதத்தில் எழுதுவதுபோல், பென்சிலால் எழுதியிருந்தது: வீடு பூட்டு.

"விலாசம் பிழை எண்டு நான் எழுதல்ல, தங்கச்சி. பூட்டின வீடு எண்டா மறுகா ஒருக்காப் போய்த் தட்டோணும். நாளைக்கு வரத்தான் இருந்தன். நீங்க முந்திட்டீங்க."

அவர் என்னை மிஸ் என்று அழைக்காதது அந்த ஒரு முறைதான். தந்தி என் பாதத்தை மணந்து பார்த்துவிட்டு வாலை ஆட்டியது.

இப்போது பயமில்லாமல் மருந்து விடுகிறேன். மகன் பஞ்சு எடுத்துத் தருகிறான். அவன் கண்ணைக் கசக்கினால், தூசி என்று முதலில் நினைக்கப் பழகியிருக்கிறேன்.

முப்பத்தோராம் நாளன்று அண்ணனின் மனைவி, மிச்சமிருந்த மூன்று நாய்களையும் காட்டி, "இதுகள நான் என்ன செய்யிற?" என்றார். கொப்பியைத் தரச் சொல்லி வாங்கிவந்தேன். இரண்டுக்கு வீடு கிடைத்துவிட்டது, கையெழுத்தும் வாங்கியாயிற்று. மூன்றாவது கிழட்டுக் கறுப்பன். அவனுக்காக இரண்டு வீடுகளில் கேட்டேன். இரண்டிலும் வேண்டாம் என்றார்கள். பென்சிலால் வீடு பூட்டு என்று எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடி போய்த் தட்டுவேன்.